பத்து பி-யின் கரும்பலகை

கணக்கு வாத்தியார் தரையில் கிடப்பதைக் கண்டதும், கூட்டிப் பெருக்க வந்த அம்மாள் முதலில் அவரைத் திட்டத்தான் வாயெடுத்தாள். கடைசி மணி அடித்துப் பள்ளிக்கூடமே காலியான பிறகும் பத்து பி வகுப்பை விட்டு நகராத மனிதர் அவர். நீங்க எந்திரிச்சாத்தான் நான் பெருக்க முடியும் என்று அவளுக்கும் அவருக்கும் தினம் ஒரு சண்டை. அன்றைக்கும் வாசலில் நின்றபடியே, "என்ன சார், இன்னிக்குத் தரையிலயே குடித்தனமா?" என்று ஆரம்பித்தவள், அவர் தலைக்கு அடியில் பரவியிருந்த ஈரத்தைப் பார்த்தாள். துடைப்பம் கை நழுவி விழுந்தது. பிறகு அவள் போட்ட சத்தம் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்டது.

நகரத்தின் விளிம்பில், பஸ்கள் திரும்பிப் போகிற கடைசி நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது அந்த அரசு உயர்நிலைப் பள்ளி. வாசல் வளைவில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: பத்தாம் வகுப்பில் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அந்தப் பலகைக்குக் கீழேதான் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். குள்ளம், ஒல்லி, பேச்சும் அதே அளவு. பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்க்கிறவரைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து பி-க்குள் ஒரு சுற்று வந்தார். கூட வந்த ஏட்டு அவருக்கு நேர்மாறு. தொப்பையும் வாயும் கொஞ்சம் பெரிது.

"வழுக்கி விழுந்திருப்பாரு மேடம். வயசான மனுஷன்."

"வழுக்கி விழுந்தா சட்டையில ரெண்டு பட்டன் எப்படி ஏட்டய்யா பிஞ்சு போகும்?"

ஏட்டு குனிந்து பார்த்தார். ஒரு பட்டன் மேடை மேல் கிடந்தது, இன்னொன்று இறந்தவரின் கைக்குப் பக்கத்தில். வாத்தியார் நிற்கும் மேடை ஓரடி உயரம். அதிலிருந்து பின்பக்கமாக விழுந்து, முதல் பெஞ்சின் இரும்பு முனையில் தலை மோதியிருந்தது. கண்ணாடி உடையவில்லை. எழுந்து போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்பதுபோல் முகத்துக்கு அருகிலேயே கிடந்தது.

சட்டைப் பையில் ஒரு பச்சைச் சாக்பீஸ். கால்சட்டைப் பையில் மடிப்புக் கலையாத கைக்குட்டை. மேஜை மேல் அவருடைய தோல் பை, வார் மாட்டியபடி இருந்தது. திறந்தால் செய்தித்தாளில் சுற்றிய டஸ்டர். வகுப்பில் டஸ்டர் வைத்தால் பிள்ளைகள் அதை எறிந்து விளையாடித் தொலைத்துவிடுகிறார்கள் என்று இந்தப் பள்ளி ஆசிரியர்கள் ஆளுக்கொன்று கையோடு கொண்டு போவது வழக்கமாம்.

கரும்பலகை காலியாக இருந்தது. அவசரமாகத் துணியால் துடைத்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன. வலது மேல்மூலையில் மட்டும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அன்றைய தேதி, மொத்தம் 41, வருகை 40. முதல் பீரியடில் வகுப்பாசிரியை எழுதியது. இன்ஸ்பெக்டர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நகர்ந்துவிட்டார்.

பிணத்தைப் பார்த்த டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உடனே போகல மேடம். கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கு. யாராவது அப்பவே ஒரு குரல் கொடுத்திருந்தா மனுஷன் பிழைச்சிருப்பாரு."



தாழ்வாரத்தில் தலைமையாசிரியை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது. பிள்ளைகளுக்கு அவர் 'பெரிய டீச்சர்'. எண்ணூறு பிள்ளைகளையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர், காய்ச்சல் என்று எந்தப் பிள்ளை சுருண்டு படுத்தாலும் முதலில் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறவர்.

"கடைசியா சாரை எப்ப பாத்தீங்க?"

"மத்தியானம். ஸ்டாஃப் ரூம்ல."

"கடைசி மணிக்கு அப்புறம்?"

"நான் என் ரூம்லதான் இருந்தேன். மூட்டு வலிம்மா, மாடி ஏறியே ஒரு வாரம் ஆச்சு. சத்தம் கேட்டு இப்பதான் அடிச்சுப் பிடிச்சு ஏறி வந்தேன்."

"வகுப்பு எடுக்கிறீங்களா?"

"இந்த நாற்காலியில உக்கார்ந்ததோட அது போச்சு. அதுக்கு முன்னாடி இருபது வருஷத்துக்கு மேல எடுத்தாச்சு. இப்ப சாக்பீஸைத் தொட்டே பத்து வருஷம் ஆகுது."

"மத்த ஆசிரியர்கள்?"

"பக்கத்துல ஒரு ஸ்கூல்ல பயிற்சி. மணி அடிச்சதும் வேன் வந்து எல்லாரையும் ஏத்திட்டுப் போயிடுச்சு. பாக்கி நான், சார், பி.டி. மாஸ்டர். அவ்வளவுதான்."

வாசல் காவலரும் அதையேதான் சொன்னார். வெளியாள் ஒருவரும் உள்ளே வரவில்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற ரகமில்லை என்பதால் அதை நம்பலாம்.

பி.டி. மாஸ்டர் ஆஜானுபாகு. இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளை வெளேரென்று இருந்தன. ஏட்டு அதைக் கண்டுவிட்டு இன்ஸ்பெக்டருக்குக் கண் காட்டினார்.

"கையில என்ன?"

"சுண்ணாம்பு மேடம். ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போட்டுட்டு இருந்தேன்."

"உங்களுக்கும் அவருக்கும் எப்படி?"

"ஆகாது." பட்டென்று சொல்லிவிட்டார். "என் பீரியடை எல்லாம் கடன் வாங்குவாரு மேடம். ஒரு தடவைகூடத் திருப்பிக் கொடுத்ததில்ல. பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க இந்த வருஷம் பந்து உருண்டையா சதுரமான்னே மறந்திருக்கும். நேத்துகூட ஸ்டாஃப் ரூம்ல கத்தினேன். எல்லாரும் கேட்டாங்க."

"அந்தக் கோபத்துல..."

"தள்ளணும்னா பத்து வருஷம் முன்னாடியே தள்ளியிருக்கணும்." சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. "சாயங்காலம் டீ குடிக்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போவோம் மேடம். கோடு போட்டுட்டு வர்றேன், இருங்கன்னு சொல்லிட்டுப் போனேன்." அந்த மலை போன்ற மனிதர் சுண்ணாம்புக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை.

"மேல வகுப்புல யார் இருந்தா?"

அவர் தயங்கினார். தலைமையாசிரியைதான் பதில் சொன்னார், மிகவும் வருத்தத்தோடு.

"ஒரு பொண்ணு இருந்தா. குருவின்னு கூப்பிடுவாங்க. கணக்குல சைபருக்கு மேல வாங்கினதில்ல. தினம் சாயங்காலம் சார் அவளை உக்கார வெச்சுச் சொல்லிக் கொடுப்பாரு. பாவம், மண்டையில ஏறல. பரீட்சை எழுதினா ஃபெயில்தான். அதனால வேற ஸ்கூல் பாத்துக்கட்டும்னு அவங்க அம்மாகிட்ட பேசிட்டேன். நாளைக்குக் காலையில டி.சி. கொடுக்கிறதா இருந்தது. அவ அதை மனசுல வெச்சுக்கிட்டு..." மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

"மாஸ்டர், நீங்க பாத்தீங்களா?"

"ஓடினா மேடம்," என்றார் பி.டி. மாஸ்டர், சொல்ல மனமில்லாமல். "மணி அடிச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சு. மாடிப்படியில தடதடன்னு இறங்கி மைதானத்துக்குக் குறுக்கே ஒரே ஓட்டம். நான் போட்ட கோட்டையெல்லாம் மிதிச்சுட்டுப் போனா. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

ஏட்டு நெஞ்சை நிமிர்த்தினார். வேலை முடிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

குருவி எங்கேயும் தப்பிப் போயிருக்கவில்லை. எதிரே பஸ் நிறுத்தத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஏட்டு போய் அழைத்து வந்தார். பதினைந்து வயது. பேருக்கு ஏற்ற உடம்பு. மாடி ஏறும்வரை விஷயம் தெரியாது. பத்து பி வாசலில், வெள்ளைத் துணி போர்த்திய உருவத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பழைய செருப்பைப் பார்த்தாள். அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். குரல் வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அந்தக் காட்சியை எத்தனையோ சாவு பார்த்த ஏட்டாலேயே தாங்க முடியவில்லை.

பெரிய டீச்சர்தான் ஓடிப்போய் அவளை அள்ளி எடுத்தார். மார்போடு அணைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து அவள் கண்ணையும் கன்னத்தையும் துடைத்தார்.

"அழாதேம்மா, அழாதே. நான் இருக்கேன்ல." பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "சின்னப் பொண்ணு. கோபத்துல தள்ளியிருப்பா, வேணும்னு செஞ்சிருக்க மாட்டா. கொஞ்சம் பாத்து நடந்துக்குங்கம்மா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையோடு தாழ்வாரத்தில் நின்ற எல்லோருக்கும் அது அவள் செய்ததாகவே ஆகிவிட்டது. பெருக்க வந்த அம்மாள்கூட இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

விசாரணை பக்கத்து வகுப்பான பத்து ஏ-யில் நடந்தது. முதல் பெஞ்சில் குருவி. எதிரே இன்ஸ்பெக்டர்.

"போன வாரம் சாரைப் பத்தி என்னமோ சொன்னியாமே, பெரிய டீச்சர் சொன்னாங்க?"

"சொன்னேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு சைபர் போட்டாரு. ஒருநாள் இவருக்கு நான் போடுறேன்னு சொன்னேன். கிளாஸே கேட்டுச்சு."

"இன்னிக்கு என்ன நடந்தது?"

"அஞ்சு கணக்கு கொடுத்தாரு மேடம். பழைய பரீட்சைப் பேப்பர்ல இருந்து. அஞ்சும் சரியாப் போட்டா நீ இங்கேயே பரீட்சை எழுதுற, மத்ததை நான் பேசிக்கிறேன்னாரு. நோட்டுல போடாதே, போர்டுல போடு, எல்லாருக்கும் தெரியட்டும்னாரு. போட்டேன்."

"எத்தனை சரி?"

"அஞ்சும்."

ஏட்டு மூக்கால் சிரித்தார். "போர்டுல ஒண்ணையும் காணோமே தாயி."

குருவி திகைத்து நிமிர்ந்தாள். "அழிக்காதேன்னுதானே சொன்னாரு. ஒருத்தருக்குக் காட்டணும், அப்படியே இருக்கட்டும்னாரு. பச்சையில டிக்கு வேற போட்டாரு, போர்டுல பாதிக்கு வர்ற மாதிரி. ஒரு தப்பும் இல்லாம இருந்தாத்தான் மேடம் பச்சை. இந்த வருஷம் யாருக்கும் போட்டதில்ல. அந்தச் சாக்பீஸை யாரையும் தொடக்கூட விடமாட்டாரு, பையிலயே வெச்சிருப்பாரு."

"நீ தொட்டியா?"

"இல்ல மேடம். எனக்கு வெள்ளைதான் கொடுத்தாரு." கைகளை நீட்டினாள். விரல்களில் வெள்ளைத் தூள்தான் இருந்தது.

"அப்புறம் ஏன் ஓடின?"

"எங்கம்மா பஸ்ஸுல கண்டக்டர். இங்க வந்து திரும்புவாங்க. அவங்ககிட்ட சொல்லலாம்னு ஓடினேன். போறதுக்குள்ள பஸ் எடுத்துட்டாங்க. அடுத்த டிரிப்புக்குக் காத்திருந்தேன்." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கண்ணீர் மறுபடி கொட்டியது. இடது கன்னத்தில் பச்சையாக ஒரு தீற்றல், கண்ணீர் பட்டு இன்னும் பளிச்சென்று இறங்கியது. "மேடம், முகம் கழுவிட்டு வரட்டுமா?"

இன்ஸ்பெக்டர் அவள் முகத்தையே பார்த்தார். பார்த்த பார்வை அப்படியே நின்றது.

"வேணாம்."

"மேடம்?"

"கழுவாதே. துடைக்காதே. ஏட்டய்யா, நான் சொல்ற வரைக்கும் யாரும் இந்தப் பொண்ணு முகத்துல கை வைக்கக் கூடாது. முதல்ல அதை ஒரு போட்டோ எடுங்க."

அழுகிற குழந்தையிடம் இவ்வளவு கல் நெஞ்சா என்று ஏட்டுக்கே வருத்தமாக இருந்தது. அவருக்கும் அந்த வயதில் ஒரு மகள் இருந்தாள்.

தாய் வந்து சேர்ந்தாள். பி.டி. மாஸ்டர் போன் செய்திருந்தார். காக்கி உடுப்பு, தோளில் டிக்கெட் பை, கையில் விசில் கயிறு. பஸ்ஸைப் பாதி வழியில் இன்னொருத்தரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மகளை நெருங்கப் போனவளை ஏட்டு தடுத்தார்.

"என் பொண்ணை நான் தொடக் கூடாதா?"

"கொஞ்ச நேரம்மா."

"எங்கே கொண்டு போகப் போறீங்க அவளை?" குரல் உடைந்தது. "நாளைக்கு ஸ்கூலை விட்டு நிறுத்துறதுக்கே மூணு நாளா சோறு இறங்கல எனக்கு. பெரிய டீச்சர் நல்லதுக்குச் சொல்றாங்கன்னு சரின்னு சொல்லிட்டேன். இப்ப கொலைங்கிறீங்க. இனிமே ஸ்கூலே கிடையாதா அவளுக்கு? சொல்லுங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய், பெருக்க வந்த அம்மாளைத் தனியே கூப்பிட்டார். இருவரும் அந்த மாடியில் இருந்த மற்ற வகுப்புகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்கள். ஒன்பது டி, ஒன்பது ஈ, பத்து சி. கரும்பலகைகள் எல்லாம் துடைத்து விட்டதுபோல் கருப்பாக இருந்தன, மூலை முடுக்கு உட்பட.

"போர்டை நீங்கதான் அழிக்கிறதா?"

"நான் ஏன் அழிக்கிறேன்? மணி அடிச்சா லீடர் புள்ளைங்க தண்ணி தொட்ட துணியால முழுசா துடைச்சுட்டுத்தான் போவும். தேதி எழுதுற மூலையைத்தான் முதல்ல அழிக்கும். அதை அழிச்சாத்தானே அன்னிக்குப் பாடு முடிஞ்சுதுன்னு அர்த்தம். எந்தப் புள்ளை அழிக்குதுங்கிறதுக்கே அடிதடி நடக்கும்."

"பகல்ல, ஒரு டீச்சர் போயி இன்னொரு டீச்சர் வரும்போது?"

"அப்ப போற டீச்சர் அழிச்சுட்டுப் போவாங்க."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். அந்த அம்மாளுக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று விளங்கவில்லை. கொலை நடந்த இடத்தில் போய்ச் சுத்தம் பற்றி விசாரிக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

வெளிச்சம் மங்குவதற்குள் எல்லோரையும் பத்து ஏ-க்கு வரவழைத்தார். குருவி, அவள் தாய், பி.டி. மாஸ்டர், தலைமையாசிரியை. ஸ்டாஃப் ரூமிலிருந்து ஒரு டஸ்டரும் சாக்பீஸும் வந்தன. இன்ஸ்பெக்டர் கரும்பலகையின் வலது மேல்மூலையில் ஒரு கட்டம் போட்டுத் தேதியும் வருகையும் எழுதினார். நடுவில் பத்து பி வகுப்பின் படத்தை வரைந்தார். மேடை, பெஞ்சு, ஜன்னல், கதவு.

"குருவி, நீ போகும்போது சார் எங்க நின்னாரு?"

அவள் காட்டினாள்.

"சரி. இதை அழி, அடுத்ததைப் போடணும்."

குருவி டஸ்டரை வாங்கினாள். எம்பி முதலில் மூலைக் கட்டத்தை அழித்தாள். பிறகு மேலிருந்து கீழே முழுதும். இன்ஸ்பெக்டர் மறுபடியும் கட்டம் போட்டார், மைதானத்தை வரைந்தார், பி.டி. மாஸ்டரை அவர் நின்ற இடத்தைக் காட்டச் சொன்னார், அழிக்கச் சொன்னார். மாஸ்டர் டஸ்டரைத் தேடக்கூட இல்லை. முழங்கையால் இழுத்து விட்டார். கட்டம் பாதி, படம் பாதி, அவர் சட்டையில் மீதி.

"உங்க கைக்கு மைதானம்தான் சரி மாஸ்டர்," என்றபடி இன்ஸ்பெக்டர் தானே அதைத் துடைத்துவிட்டு மூன்றாவது முறை கட்டம் போட்டார். தேதி, மொத்தம், வருகை. கீழே மாடிப்படியை வரைந்தார். "டீச்சர், உங்க ரூம்ல இருந்து மேல வர இந்த ஒரு படிதானே?"

"ஆமாம்மா, ஒண்ணுதான்."

"சரி. அதைக் கொஞ்சம் அழிச்சுடுங்க." டஸ்டரை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏட்டிடம் ஏதோ பேசத் திரும்பினார்.

பெரிய டீச்சர் அழித்தார். நல்ல பழகின கை. நீள நீளமாக இடமிருந்து வலமாக இழுத்தது. வலது மூலைக்கு வந்ததும் கட்டத்தைச் சுற்றி அழகாக வளைந்து, அதைத் தொடாமல் கீழே இறங்கியது. அழித்து முடித்து டஸ்டரை மேஜையில் வைத்தார்.

கரும்பலகையில் அந்தச் சின்னக் கட்டம் மட்டும் தனியாக நின்றது, பத்து பி-யில் நின்றது போலவே. ஏட்டு அதைப் பார்த்தார், தலைமையாசிரியையைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"அந்த மூலை சாயங்காலம் வரைக்கும் வகுப்பாசிரியையோடது," என்றார் இன்ஸ்பெக்டர். "வேற டீச்சர் யாரும் அதை அழிக்கிறதில்ல. இருபது வருஷம் அப்படிச் சுத்திப் போன கை, பத்து வருஷத்துல மறந்துடாது. இந்தப் பொண்ணு அழிச்சிருந்தா முதல்ல மூலைதான் போயிருக்கும். மாஸ்டர் அழிச்சிருந்தா போர்டே அலங்கோலமாயிருக்கும். சார் அழிக்கல. அவரோட டஸ்டர் பைக்குள்ள, கைக்குட்டை மடிச்ச மடிப்புல. வேற யாரோ ஒரு டீச்சர், கையில டஸ்டர் இல்லாத டீச்சர், தன்னோட துணியால அழிச்சிருக்காங்க."

"என்னம்மா சொல்றீங்க?" தலைமையாசிரியையின் குரல் இன்னும் சாந்தமாகத்தான் இருந்தது. "எல்லா டீச்சருக்கும் உள்ள பழக்கம் அது."

"உண்மைதான். ஆனா எல்லா டீச்சரும் வேன்ல போயிட்டாங்க." இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். "உங்க கைக்குட்டையைக் கொடுங்க."

அவர் கை இடுப்புக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"நான் கொடுக்க மாட்டேன்னு சொன்னா?"

"பரவாயில்ல. அது ஏற்கெனவே வேற இடத்துல சாட்சி சொல்லிட்டுது." இன்ஸ்பெக்டர் குருவியின் முகத்தைக் காட்டினார். "அந்தக் கன்னத்துல இருக்கிற பச்சை எங்கிருந்து வந்தது? அவ கையில வெள்ளைதான். பச்சைச் சாக்பீஸ் சாரோட பைல. அந்தப் பச்சை வேற எங்கேயும் இல்ல, அழிச்ச அந்த டிக்குல தவிர. அவ மாடி ஏறி வரும்போது முகம் சுத்தமாத்தான் இருந்தது. நான் பாத்தேன். அதுக்கப்புறம் அந்த முகத்தைத் தொட்டது நீங்க ஒருத்தர்தான். காஞ்ச துணியில வெள்ளையோட வெள்ளையா ஒளிஞ்சிருந்தது, கண்ணீர் பட்டதும் வெளியே வந்துடுச்சு."

கண்டக்டர் தாய் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பி.டி. மாஸ்டர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார், உட்கார்ந்தது அவருக்கே தெரியவில்லை. பெரிய டீச்சரா? காய்ச்சலில் கிடந்த மாஸ்டரின் மகனுக்கு விடிய விடியப் பக்கத்தில் இருந்தாரே, அவரா? மாஸ்டரின் மனசு அதை உள்ளே விட மறுத்தது.

ஏட்டு கைக்குட்டையை வாங்கி விரித்தார். வெள்ளைத் தூள் படிந்து மொடமொடவென்று இருந்தது. நடுவில் பெரிய பச்சைக் கறை.

"காட்டணும்னு சொன்னது உங்களுக்குத்தானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தலைமையாசிரியை ஏதோ பள்ளிக்கூட நிர்வாகத்தை விளக்குகிற மாதிரித்தான் பேசினார்.

"கீழே போன் பண்ணினாரு. மேல வந்து பாருங்கன்னாரு. அஞ்சு கணக்கும் சரிதான், நான் இல்லைன்னு சொல்லல. ஒருநாள் போட்டுட்டா பரீட்சையிலயும் போட்டுடுவாளா? ஒன்பது வருஷம்மா. ஒவ்வொரு வருஷமும் ரெண்டு பிள்ளை, மூணு பிள்ளை, நல்லபடியாப் பேசி வேற இடத்துக்கு அனுப்பித்தான் அந்தப் போர்டு வாசல்ல நிக்குது. அனுப்பின பிள்ளைங்க எல்லாரையும் நான் தேடிப் பிடிக்கிறேன், அவங்க அப்பா அம்மாகிட்ட சொல்றேன்னாரு. நான் முதல்ல இதை அழிங்கன்னேன். முடியாதுன்னு போர்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டாரு. சட்டையைப் பிடிச்சு இழுத்து, பெஞ்சுப் பக்கமாத் தள்ளினேன். நகருவாருன்னு நினைச்சேன்."

"விழுந்தாரு."

"விழுந்தாரு."

"நீங்க போர்டை அழிக்கும்போது அவருக்கு உயிர் இருந்ததா?"

இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்திருந்தால் அங்கே இருந்த ஐந்து பேரும் பின்னாளில் கொஞ்சமாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

"முனகினாரு," என்றார். "அழிச்சு முடிச்சுட்டுப் போய் ஆளைக் கூப்பிடலாம்னுதான் இருந்தேன். முடிச்சுட்டுத் திரும்பினேன். சத்தம் நின்னு போயிருந்தது."

பி.டி. மாஸ்டர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஏட்டு தலைமையாசிரியையைக் கீழே கூட்டிப் போனார். போகிற வழியில் பெரிய டீச்சர் பழக்கதோஷத்தில் பத்து சி வகுப்பின் விளக்கை அணைத்துவிட்டுப் போனார். ஏட்டு அதைத் தடுக்கவில்லை. அவர் தன் மகள் படிக்கும் பள்ளிக்கூட வாசலில் என்ன பலகை இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு நடந்தார்.

கன்னத்துப் பச்சையைப் பஞ்சால் ஒற்றி எடுத்து உறையில் போட்டு ஒட்டியாயிற்று. அப்படியும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"இனிமே கழுவிக்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டர். தாயிடம் திரும்பினார். "நாளைக்கு டி.சி. எதுவும் வாங்காதீங்க. அவ இங்கேயேதான் பரீட்சை எழுதுறா. அஞ்சு கணக்கும் சரின்னு அந்தம்மா வாயாலேயே சொல்லிட்டாங்க. கேட்டதுக்கு நான் சாட்சி."

தாழ்வாரக் கோடியில் இருந்த குழாயடிக்குத் தாய் மகளைக் கூட்டிப் போனாள். குழாயைத் திறந்து கையில் தண்ணீர் பிடித்தாள்.

"வாடி. அந்தக் கை பட்ட முகத்தை முதல்ல கழுவு. நெனைச்சாலே உடம்பு கூசுது எனக்கு."

குருவி குனிந்தாள். தண்ணீர் முகத்துக்கு வருவதற்குள் நிமிர்ந்துவிட்டாள். இடது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கழுவுடி."

"அம்மா, இது சார் போட்டது."

தாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் பிடித்த தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகி முழுவதும் போயிற்று. அவள் குழாயை மூடினாள்.